முதல்ல யாரு கை நீட்டணும்?

சாப்ட்வேர் கம்பெனில புதுசா சேர்ந்தா டை கட்டுறது, முள்கரண்டி பிடிக்கிறது, கை குலுக்குறதுன்னு ஒரு பயிற்சி குடுப்பாங்க. அதுல ஒரு விதி உண்டு. பெண் கை நீட்டினாத்தான் ஆண் கை குடுக்கணும். அவங்க கும்பிட்டா நாமளும் கும்பிட்டுட்டுப் போயிரணும். வெள்ளைக்காரன் பழக்கம் நமக்கெதுக்குன்னு கிண்டல் பண்றவங்க உண்டு :-) எனக்கு எங்க ஊர் மயிலாடி பக்கத்துப் பழைய கதைதான் ஞாபகம் வரும்.

1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர்க்காரங்க. அங்கே பழைய காலத்துல மரியாதைன்னா விலகி நிக்கிறது. எந்தச் சாதி யாருகிட்ட இருந்து எத்தனை அடி தள்ளி நிக்கணும்னு கணக்கே இருந்துச்சு. பெண்களுக்கு அதோட முடியல. மேல்சாதி ஆள் முன்னாடி மாரை மூடாம நிக்கணும், அதுதான் மரியாதை. நம்பூதிரி முன்னாடி நாயர் பெண்களுக்கும் இதே விதிதான். நாடார் முதலான சாதிப் பெண்களுக்கோ மேல்துணி கட்டவே உரிமை இல்லை.

1806-ல ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். அவரை வரவழைச்சவர் இந்த ஊர் வேதமாணிக்கம். 1809-ல இங்க சர்ச் எழும்பிச்சு. சுத்துவட்டாரத்துல கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் மேலுடை போட ஆரம்பிச்சாங்க. 1814-ல, ரெசிடென்டா இருந்த கர்னல் மன்றோ காலத்துல, அவங்க குப்பாயம் (தொளதொளன்னு ஒரு சட்டை) போடலாம்னு உத்தரவு வந்துச்சு. அவங்க கேட்டது நாயர் பெண்கள் மாதிரி தோள்சீலை. 1829-ல அரசு அதை மறுத்து, குப்பாயம் மட்டும் போதும்னுச்சு. 1858-59 கலவரத்துல சந்தைக்குப் போன பெண்களோட துணியைக் கிழிச்சாங்க. கடைசில 1859 ஜூலை 26-ல உத்திரம் திருநாள் மகாராஜா அறிவிப்பு: எல்லா நாடார் பெண்களும் மாரை மூடிக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி கட்டக் கூடாது!

அந்த 'ஆனா'வைக் கொஞ்சம் பாருங்க. துணியைக் குடுத்தாச்சு, சமத்துவத்தைக் குடுக்க மனசு வரல. ஒரு பெண்ணோட உடம்பு யாருக்கு எப்படி மரியாதை காட்டணும்னு முடிவு பண்ற அதிகாரத்தை அரசு தன் கையிலேயே வச்சுக்கிட்டது.

அது ராஜா காலம்னு ஒதுக்கிடவும் முடியல. சுவிட்சர்லாந்துல 2016-ல டீச்சரம்மாவுக்குக் கை குடுக்க மாட்டோம்னு ரெண்டு முஸ்லிம் பையன்கள் சொன்னாங்க. குடுத்தே ஆகணும், இல்லேன்னா 5,000 பிராங்க் வரை அபராதம்னு அந்த மாநில அரசு சொல்லிடுச்சு. பிரான்ஸ்ல ஒரு அல்ஜீரியப் பெண், குடியுரிமை விழாவுல ஆண் அதிகாரிக்குக் கை குடுக்கலை. குடியுரிமையை மறுத்தது சரிதான்னு 2018-ல உச்ச நிர்வாக நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லிச்சு.

டீச்சரை அவமதிக்கக் கூடாதுங்கறது எனக்கும் சம்மதம். ஆனா அபராதத்துக்குப் பயந்து நீட்டின கையில என்ன மரியாதை இருக்கும்? பெண் நீட்டினா குடு, இல்லேன்னா கும்பிடுங்கற விதி எனக்குப் பிடிச்சிருக்கு. அது யாரு கொண்டு வந்ததா இருந்தா என்ன? தொடுறதா விலகுறதான்னு தீர்மானிக்கிற உரிமையை அவங்க கிட்டயே விடுதே. நம்ம பக்கத்துப் பெண்கள் ஏறக்குறைய அம்பது வருஷம் அடிபட்டுக் கேட்டதும் அந்த உரிமையைத்தானே?