கியூபா நெருக்கடி: பின்வாங்கியது யார்?

சர்வதேச அரசியல் படிக்கும் யாரும் தாண்டிப் போக முடியாத பதின்மூன்று நாட்கள் உண்டு. 1962 அக்டோபர் 16 முதல் 28 வரை. கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுவி வருவதை அமெரிக்கா கண்டுபிடித்து, தீவைச் சுற்றிப் போர்க்கப்பல்களை நிறுத்தியது. உலகம் அணுப்போரின் விளிம்புவரை போய்த் திரும்பியது. அறுபது ஆண்டுகள் கடந்தும் இதைப் பற்றிப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகச் சொல்ல அப்படி என்னதான் இருக்கிறது?

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். கென்னடி உறுதியாக நின்றார், குருஷேவ் பயந்து பின்வாங்கினார். அவ்வளவுதான். அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி எழுதிய 'தர்ட்டீன் டேஸ்', அவர் கொல்லப்பட்ட மறு வருடம், 1969ல் வெளிவந்து இந்தக் கதைக்கு வலு சேர்த்தது.

உண்மை வேறு. அக்டோபர் 27 இரவு ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்து ஓர் உறுதி கொடுத்தார். துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும், ஆனால் இது ரகசியமாக இருக்க வேண்டும் என்பதே அது. 1963 ஏப்ரலில் அவை அகற்றப்பட்டன. புத்தகத்தைத் தொகுத்த சோரென்சன், ராபர்ட்டின் குறிப்புகளில் இந்தப் பேரம் வெளிப்படையாகவே இருந்ததாகவும், தானே அதை மாற்றியதாகவும் 1989ல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொண்டார். ஆக, இருபது வருடம் மாணவர்கள் படித்தது திருத்தப்பட்ட வரலாறு!

அதன்பின் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1992ல் ஹவானாவில் நடந்த மாநாட்டில், கியூபாவில் சோவியத் படையிடம் குறுந்தூர அணு ஆயுதங்களும் இருந்தன என்று தெரிந்தபோது, நெருக்கடியின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த மக்னமாராவே அதிர்ந்து போனார். தீவில் சுமார் 10,000 சோவியத் வீரர்கள் இருக்கலாம் என அமெரிக்கா கணித்திருந்தது. இருந்ததோ 40,000க்கும் மேல். தளபதிகள் கேட்டபடி படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிரஹாம் அலிசன் இந்த நெருக்கடியை வைத்து 1971ல் எழுதிய 'எசென்ஸ் ஆஃப் டெசிஷன்' இத்துறையில் எல்லோரும் படிக்கும் நூல். வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகள் வெளியான பிறகு, ஃபிலிப் ஜெலிகோவுடன் சேர்ந்து 1999ல் அதைத் திருத்தி எழுதினார். அண்மை நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மார்ட்டின் ஷெர்வின் 2020ல் எழுதிய 'கேம்ப்ளிங் வித் ஆர்மகெடான்', உலகம் தப்பியதில் அதிர்ஷ்டத்தின் பங்கை முன்வைக்கிறது. அக்டோபர் 27 அன்று அமெரிக்கக் கப்பல்கள் துரத்திய பி-59 நீர்மூழ்கியில் அணு டார்பிடோ இருந்தது. துரத்தியவர்களுக்கு அது தெரியாது! செர்ஹி ப்ளோகி 2021ல் எழுதிய 'நியூக்ளியர் ஃபாலி', உக்ரைனில் உள்ள கேஜிபி ஆவணங்களையும் பயன்படுத்தி, இரு தரப்பும் அடுத்தடுத்துச் செய்த தவறுகளைக் காட்டுகிறது. இரு தலைவர்களையும் காப்பாற்றியது சாமர்த்தியம் அல்ல, அணுப்போர் மீதான பயம் என்கிறார்.

பழைய கதை தப்பாக இருந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. துருக்கி உறுதியை முடிவு செய்த அந்தச் சிறு கூட்டத்தில் துணை அதிபர் ஜான்சன் இல்லை. அவர்தான் 1965ல் வியட்நாம் போரைப் பெரிதாக்கினார். அழுத்தம் கொடுத்தால் எதிரி பணிவான் என்ற நம்பிக்கைக்குக் கியூபாவின் பொய்க்கதையும் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விட்டுக்கொடுத்ததால் கிடைத்த அமைதியை மிரட்டலால் கிடைத்த வெற்றி என்று பதிவு செய்தால், அடுத்து வருபவர் மிரட்டத்தானே செய்வார்?

அதனால் இந்த நெருக்கடி பற்றி எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும், முதலில் வெளியான வருடத்தைப் பாருங்கள் நண்பர்களே. 1989க்கு முன்பா, பின்பா என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.