காம்பிராவில் வாழ்ந்தவர் யாவர்?

மஸ்கெலியாவின் தேயிலைச் சரிவுகளில் இருவகை வீடுகள் உண்டு. மேட்டிலே, பூந்தோட்டம் சூழ நிற்பது துரையின் பங்களா. பள்ளத்திலே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைபட்டுக் கிடப்பது லயம். இரண்டையும் எழுப்பியது ஒரே தோட்டத் தொழில்தான். ஆயினும், இவ்வீடுகளில் முன்னர் வாழ்ந்தவர் யாவர் என்று கேட்கப் புகுந்தால், பங்களா உடனே விடை பகர்கிறது. லயமோ வாய் திறப்பதில்லை.

பங்களாவின் கதையை அறிவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கொழும்பில் அச்சாகி வந்த பெர்குசன் கையேட்டைப் புரட்டினால் தோட்டத்தின் பெயர், பரப்பு, உடைமையாளர், அதை நடத்திய துரை என யாவும் கிடைக்கும். இறந்த பின்னரும் அவர்களுக்குப் பெயர் உண்டு. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1879இல் இம்மலைநாட்டில் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவருடைய கல்லறையை இன்றும் காணலாம். அவர் இலங்கையில் எடுத்த படங்களில் உழைக்கும் மக்கள் பலர் இருக்கின்றனர். அவர்களிலே பெரும்பாலோருடைய பெயரை நாம் அறியோம். முகம் உண்டு, பெயர் இல்லை. லயத்தின் வரலாறும் இத்தகையதே.

பத்தடிக்குப் பன்னிரண்டடியாக ஒரு காம்பிரா. முன்னே குறுகலாய் ஓர் இஸ்தோப்பு. அடுப்பெரிவதும், பிள்ளை பிறப்பதும், பிணம் கிடப்பதும் அதே நான்கு சுவர்களுக்குள்தான். மகனுக்குக் கலியாணமானால் சாக்குப் படுதா ஒன்றே புதுக் குடித்தனத்தின் சுவர்.

இங்கே முதலில் குடிபுகுந்தவர்கள் எப்படி வந்தனர்? மஸ்கெலியாப் பள்ளத்தாக்கின் காடுகள் காப்பிக்காக வெட்டப்பட்ட காலத்தில், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டினர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்த கூட்டங்களில் எத்தனையோ பேர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர். ரயில் பாதை 1884இல் அட்டனை எட்டியது. அதற்குள் 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்துவிட, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பருவத்தில் ஆள் போதும்; தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க வேண்டும். வந்து போனவர்கள் ஆகையால் குடும்பத்தோடு தங்கலாயினர். தற்காலிகமாகக் கட்டிய லயம் தலைமுறைகளின் வீடாயிற்று.

அவர்களது பெயர் எங்கும் எழுதப்படவில்லை என்று சொல்வதற்கில்லை. செக்ரோலில் எழுதப்பட்டது, இத்தனை நாள் வேலை, இவ்வளவு கடன் என்று எழுதப்பட்டது. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்படும் வரை, ஒருவன் வேறு தோட்டம் போனால் அவனுடைய கடனும் துண்டுச் சீட்டாக உடன் சென்றது. பேர் பதிந்தவனுக்கே காம்பிரா. பேர் வெட்டுண்டால் காம்பிராவும் இல்லை. அந்தப் பேரேடு இருந்ததோ தோட்டத்து ஆபீசில். தொழிலாளியின் கையில் அன்று.

பழைய வீட்டில் யார் இருந்தார் என்று கேட்பது ஓய்ந்திருப்போரின் பொழுதுபோக்கு எனச் சிலர் நினைக்கலாம். மலைநாட்டிலே அக்கேள்வியை அரசாங்கமே கேட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் சட்டமோ, 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. அரை நூற்றாண்டாக ஒரே அடுப்பில் சமைத்த குடும்பம், தான் இங்கிருந்ததை எதைக் காட்டி மெய்ப்பிக்கும்? புகையேறிய சுவர் சாட்சி சொல்லுமா? ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

பின்னர் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்கள் பங்கிடப்பட்டனர். அண்ணன் அக்கரை போக, தம்பி இக்கரை நின்றான். தலைமன்னாரில் கப்பலேறியோர் பலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலைக்கே கூலியாயினர். அவர்கள் விட்டுச் சென்ற காம்பிராவின் வாசலில் நட்ட கொய்யா மரம் மட்டும் வேறொருவருக்குக் காய்த்தது.

மஸ்கெலியாவுக்கு இன்னுமொரு மறதியும் நேர்ந்தது. 1969இல் மவுசாக்கலை அணை கட்டி முடிந்தபோது பழைய நகரமே நீருக்குள் போயிற்று. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் கற்கள் வெளியே தெரியும். அங்கே வாழ்ந்தவர்களின் நினைவு கொஞ்சம் மேலெழும். மழை பெய்தால் மறுபடி மூழ்கும்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தோருக்குப் பிரஜாவுரிமை தந்தது. ஆனால் லயத்தில் வாழும் பெரும்பாலோரிடம் வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி இன்றும் இல்லை. நாட்டுக்கு உரியவன் தன் வீட்டுக்கு உரியவனாகவில்லை.

எனவே காம்பிராவில் வாழ்ந்தவர் யாவர் என்னும் கேள்விக்கு நாமே விடை தேட வேண்டும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். யார் கட்டிவந்த ஆட்கள், எந்த ஊர், யார் எந்தக் காம்பிராவில் பிறந்தார், யார் கப்பலேறினார் என்பதை அவர்கள் அறிவர். ஒவ்வொரு லயத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்; எழுதப் படித்த பிள்ளை ஒன்று போதும். செக்ரோல் எழுதாததை அந்தப் பிள்ளை எழுதட்டும். உறுதி கேட்கும் நாளில், இத்தனை தலைமுறை இங்கே வாழ்ந்தோம் என்று சொல்ல நமக்கு ஓர் ஏடாவது இருக்கும்.