தனி உறுப்பினர் தீர்மானம்: சங்கத்து ஞத்தி முதல் மக்களவை வெள்ளிக்கிழமை வரை

தங்கவயல் ஊரிகம் அன்பர்கள் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டதை எனக்குக் கிடைத்த பேறாகவே கொள்கிறேன். அண்ணலின் வரலாற்றை இம்மண்ணுக்கு எடுத்துச் சொல்ல நான் யார்? மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்ட மண் இது. சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை வழியே அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களை அச்சேற்றிக் காத்த மண் இது. தங்கச் சுரங்கத்தின் பெருமையும் அது மூடப்பட்ட துயரமும் இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தவை. ஆகவே, நம் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். அமைச்சர் பதவியில் இல்லாத ஓர் உறுப்பினர் தன் பெயரில் கொண்டுவரும் தீர்மானத்துக்கு அவை எப்படி நாளும் நேரமும் ஒதுக்குகிறது என்பதே அது.

சங்கம் வகுத்த நெறி

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் ஆற்றிய உரையை நம்மவர் அனைவரும் அறிவர். அதில் பலர் கவனியாமல் கடந்து செல்லும் பகுதி ஒன்று உண்டு. நாடாளுமன்ற நடைமுறை இந்தியாவுக்குப் புதிதன்று என்கிறார் அண்ணல். இருக்கை ஒழுங்கு, தீர்மானம், கோரம், கொறடா, வாக்கு எண்ணிக்கை, சீட்டு முறை ஆகிய அனைத்தையும் பௌத்த சங்கங்கள் அறிந்து கடைப்பிடித்தன என்று அங்கே எடுத்துரைக்கிறார்.

இதற்குச் சான்று தேடுவோர் சங்க ஒழுக்க நூலான விநயபிடகத்தின் மகாவக்கத்தையும் சுல்லவக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். என் வாழ்வில் திரும்பத் திரும்பப் படித்த நூல்கள் இவை. சங்கம் எந்தச் செயலை மேற்கொண்டாலும் முதலில் ‘ஞத்தி’ வைக்கப்பட வேண்டும். இன்று நாம் தீர்மானத்தை முன்மொழிதல் என்று சொல்வதுதான் ஞத்தி. எளிய காரியமானால் ஞத்திக்குப் பின் ஒருமுறை அறிவித்தால் போதும். ஒருவரை முழுத் துறவியாகச் சங்கத்தில் சேர்க்கும் உபசம்பதை போன்ற பெரிய காரியமானால் மூன்று முறை அறிவிக்க வேண்டும். உடன்படுவோர் மௌனமாக இருப்பார்கள். உடன்படாதவர் எழுந்து பேசலாம். மூன்றாம் முறையும் மறுப்பு எழாவிட்டால் சங்கம் ஏற்றதாகப் பொருள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, ஞத்தியை வைக்கும் உரிமை யாருக்கு என்பது. கற்றறிந்த, ஆற்றலுள்ள ஒரு பிக்கு சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதே விநயத்தின் வழக்கமான வாய்பாடு. மூத்தவர், தலைவர், அரச குலத்தவர் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. நாவிதராக இருந்து துறவு பூண்ட உபாலி தேரரே விநயத்தில் தலைசிறந்தவர் என்று பகவர் புத்தரால் போற்றப்பட்டவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோரமும், அதாவது கூடியிருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையும், காரியத்துக்கேற்ப வரையறுக்கப்பட்டிருந்தது. உபசம்பதைக்கு மத்திய தேசத்தில் பத்துப் பேர், எல்லைப்புற நாடுகளில் ஐந்து பேர் போதும். நோயுற்று வர இயலாதவர் தம் இசைவை மற்றொருவர் வழியே அனுப்பிவைப்பார். கருத்து பிளவுபட்டால் சலாகை எனும் குச்சிகளைக் கொண்டு வாக்கெடுப்பார்கள். அதை நடத்துபவர் அச்சமோ விருப்பு வெறுப்போ இல்லாதவராக இருக்க வேண்டும்.

பகவர் பரிநிர்வாணம் அடைந்து நூறாண்டு கழித்து வைசாலியில் கூடிய சங்கத்தில் பேச்சு முடிவின்றி நீண்டுகொண்டே போயிற்று. அப்போது ரேவத தேரர் ஞத்தி வைத்தார். கீழ்த்திசையார் நால்வரும் மேல்திசையார் நால்வரும் கொண்ட குழுவிடம் பொருள் ஒப்படைக்கப்பட்டது. அவை பெருகும்போது, பேச்சை ஒழுங்குபடுத்த ஒரு சிறு குழு தேவை என்ற பாடம் அன்றே கற்கப்பட்டுவிட்டது.

மானூரும் உத்தரமேரூரும்

தமிழ் மண்ணிலும் சான்றுகள் உண்டு. கி.பி. 800ஐ ஒட்டிய மானூர்க் கல்வெட்டு, சபையில் எந்தப் பொருள் வந்தாலும் ‘ஆகாது, ஆகாது’ என்று தடுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. அக்கல்வெட்டுகள் சொல்லும் தேர்தல் முறைப்படி, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, எல்லாரும் காண மூத்த நம்பி ஒருவர் அதைத் தூக்கி நிற்க, உள்ளே இருப்பதை அறியாத பாலன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்ற விழிப்பு அது.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்வேன். நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கே அச்சபையில் இடம். நம் முன்னோர் அங்கே உட்கார்ந்ததில்லை. முறை சிறந்தது, வாசல்தான் குறுகியது. அந்த வாசலை அகலத் திறந்தவர் அண்ணல்.

மக்களவை விதிகள்

மக்களவையில் வெள்ளிக்கிழமை அமர்வின் கடைசி இரண்டரை மணி நேரம் தனி உறுப்பினர் அலுவலுக்கு உரியது. ஒரு வாரம் மசோதாக்கள், மறுவாரம் தீர்மானங்கள் என்று மாறி மாறி வரும். தீர்மானம் கொண்டுவர விரும்புவோர் குலுக்கலுக்கு இரண்டு நாள் முன்பாவது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெயர்கள் குலுக்கப்பட்டு, முதல் மூன்று இடம் பெற்றவர்கள் பத்து நாளுக்குள் ஆளுக்கொரு தீர்மானத்தை எழுதித் தர வேண்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, பெரிய கட்சி, தனி ஆள் என்ற பேதம் குலுக்கலுக்குத் தெரியாது.

தீர்மானம் ஒரே பொருளைத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். வாதமும் வசையும் அதில் கூடா. நீதிமன்ற விசாரணையில் உள்ளதைத் தொடக் கூடாது. எதற்கு எவ்வளவு நேரம் என்று பரிந்துரைக்க 15 உறுப்பினர் கொண்ட குழு 1953 முதல் இருந்து வருகிறது. முன்மொழிபவர் அரை மணி நேரம் பேசலாம். மற்றவர்களுக்குக் கால் மணி. பத்தில் ஒரு பங்கினர் இருந்தால்தான் அவை நடக்கும். ஊருக்குப் புறப்படும் வெள்ளிக்கிழமை மாலையில் இந்த எண்ணிக்கைதான் பல நல்ல தீர்மானங்களுக்கு முட்டுக்கட்டை ஆகிறது.

தனி ஒருவர் தீர்மானம் செய்த வேலை

நிறைவேறினாலும் அது சட்டம் ஆகாதே, வெறும் பரிந்துரைதானே என்று கேட்பவர் உண்டு. வரலாறு வேறு விடை சொல்கிறது.

1909 சீர்திருத்தத்துக்குப் பின்தான் வைஸ்ராய் சட்டசபை உறுப்பினர்களுக்குத் தீர்மானம் கொண்டுவரும் உரிமை கிடைத்தது. கிடைத்த மறு ஆண்டே, 1910 பிப்ரவரி 25 அன்று, நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்கக் கோரி கோகலே தீர்மானம் கொண்டுவந்தார். அரசு இணங்கியது. 1911 ஜூலை 1 முதல் நெட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் கண்ணீர் அந்த ஒரு தீர்மானத்தில் பேசியது.

1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, இழிவுபடுத்தும் பெயர்கள் அரசு ஆவணங்களிலிருந்து நீங்கி ஆதி திராவிடர் என்ற பெயர் ஏறியது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார்.

இவற்றுள் தலையாயது 1923 ஆகஸ்ட் 4 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம். பொதுப் பணத்தில் உள்ள குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருந்தகம் அனைத்தையும் தீண்டப்படாதாருக்குத் திறக்க வேண்டும் என்றது அது. அதையொட்டி மகாத் நகராட்சி 1924இல் சவ்தார் குளத்தைத் திறப்பதாக முடிவு செய்தது. ஆனால் குளம் ஏட்டில் மட்டுமே திறந்திருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்தக் குளத்து நீரை அள்ளிப் பருகினார். தீர்மானம் உரிமையை எழுதி வைத்தது. மக்கள் நடந்துபோய் அதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் மகாத்.

நம் காலத்திலும் 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஓர் அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அதுவே. மக்களவையில் அது நிறைவேறவில்லை. எனினும் 2019இல் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தங்கவயல் இளைஞருக்கு

கம்யூனிஸ்டுகளையும் குடியரசுக் கட்சியினரையும் திராவிட இயக்கத்தவரையும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி நம்முடையது. அரசு சொல்வதற்குத் தலையாட்ட மட்டும் நாம் ஒருநாளும் ஆள் அனுப்பியதில்லை. வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையும் குழாயும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. அதோடு, உங்கள் பெயரில் எந்தத் தீர்மானத்துக்கு அறிவிப்புக் கொடுப்பீர்கள், அதற்குரிய நாளில் அவையில் இருப்பீர்களா என்றும் கேளுங்கள். விதிப்புத்தகத்தை நூலகத்தில் வாங்கி வைத்துப் படியுங்கள். சங்கங்களிலும் மன்றங்களிலும் ஞத்தி வைத்து, மறுப்பவரைப் பேசவிட்டு, கூடி முடிவெடுத்துப் பழகுங்கள்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற அண்ணலின் கட்டளைக்குள் அவைநெறி கற்பதும் அடங்கும். அதைக் கற்ற ஒருவர் நம் பிள்ளைகளிலிருந்து எழுந்து, நாட்டின் அவையில் தம் பெயரால் தீர்மானம் வைக்க வேண்டும். பகவர் அருளால் அது கைகூடுக. ஜெய்பீம்.