குளோர்டெக்கோன்

வாழைக் கிழங்கைக் குடையும் கூன்வண்டைக் கொல்லப் பயன்பட்ட பூச்சிமருந்து குளோர்டெக்கோன். அமெரிக்காவில் ‘கெப்போன்’ என்றும், பின்னர் பிரான்சில் ‘கியூர்லோன்’ என்றும் விற்கப்பட்டது. கரீபியக் கடலில் பிரான்சைச் சேர்ந்த குவாதலூப், மார்த்தினீக் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை இதை இட்டார்கள். நிறுத்தி முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தத் தீவுகளின் மண்ணிலும் ஓடைகளிலும் கரையோர மீன்களிலும் மக்களின் இரத்தத்திலும் இது இருக்கிறது. ஏன் போகவில்லை என்பதற்கான விடை இதன் மூலக்கூறிலேயே உள்ளது.

பத்துக் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து மூடிய கூண்டாக அமைந்தது குளோர்டெக்கோன். ஒன்பது கார்பன்களில் பத்துக் குளோரின் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. எஞ்சிய ஒன்றில் ஆக்சிசன் இரட்டைப் பிணைப்பில் நின்று கீட்டோனாகிறது. ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. மூலக்கூறு எடை 490.6. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கரிமப் பொருள்களை ஆக்சிசனேற்றம் செய்து ஆற்றல் பெறுபவை. அவற்றின் நொதிகள் பெரும்பாலும் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பில்தான் கை வைக்கின்றன. இங்கே அந்தப் பிணைப்பே கிடையாது. கூண்டைச் சூழ்ந்த பருமனான குளோரின்களோ உள்ளே எதையும் அண்டவிடுவதில்லை. குளோர்டெக்கோன் எளிதில் ஆவியாவதுமில்லை. ஒரு லிட்டர் நீரில் சில மில்லிகிராம்தான் கரையும். கொழுப்பைப் போன்ற கரைப்பானான ஆக்டனாலும் நீரும் சேர்ந்த கலவையில் விட்டால், நீரில் தங்குவதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் ஆக்டனாலில் சேர்ந்துவிடும். மண்ணின் மக்கோடு இறுகப் பற்றிக்கொள்வதும் இந்த இயல்பால்தான்.

அந்த ஒற்றைக் கீட்டோன் இதற்குத் தனிக் குணம் ஒன்றைத் தருகிறது. ஈரம் பட்டதும் அது நீர் மூலக்கூறு ஒன்றை ஏற்று, ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ராக்சில்கள் கொண்ட வடிவுக்கு மாறுகிறது. அதனால் உடலுக்குள் டிடிடி, மைரெக்ஸ் பூச்சிமருந்துகளைப் போலக் கொழுப்பில் போய்ப் படியாமல், இரத்தப் புரதங்களோடு ஒட்டிக் கல்லீரலில் சேர்கிறது. கல்லீரல் கீட்டோனை ஆல்கஹாலாக ஒடுக்கிப் பித்தநீர் வழியே வெளியேற்றப் பார்க்கிறது; குடலுக்கு வந்ததில் ஒரு பகுதி திரும்பவும் இரத்தத்தில் ஏறிவிடுகிறது. இரத்தத்தில் இது பாதியாகக் குறைய ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகும். குடலில் பித்தப் பொருள்களைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் என்ற மருந்து இந்தச் சுழற்சியைத் துண்டித்து வெளியேற்றத்தை விரைவாக்கும் என்பது 1970களிலேயே தெரியவந்தது.

அது தெரியவந்ததன் பின்னணி கொடியது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் நகரில் இதைத் தயாரித்த ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நஞ்சேறி நோயுற்றனர். கை நடுங்கியது, கண்கள் நிலைகொள்ளாமல் துடித்தன, எடை குறைந்தது, விந்தணு எண்ணிக்கை சரிந்தது. 1975இல் ஆலை மூடப்பட்டது. ஆலைக் கழிவு கலந்த ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிக்க விதித்த தடை 1988 வரை நீடித்தது. அமெரிக்கா கைவிட்ட அதே பொருளுக்குப் பிரான்ஸ் 1981இல் புதிய பெயரில் அனுமதி கொடுத்தது. 1979, 1980 ஆண்டுகளின் சூறாவளிகளில் சாய்ந்து அழுகிய வாழைகளில் கூன்வண்டு பெருகியிருந்தது என்பது உண்மை. ஆனால் ஹோப்வெல்லில் நடந்ததை அறிந்த பிறகு கொடுத்த அனுமதி அது, மன்னிக்கத் தக்கதல்ல. 1990இல் தடை வந்தது. தீவுகளின் வாழைக்கு மட்டும் 1993 வரை விலக்கு அளித்தார்கள்.

வாழைத் தூரைச் சுற்றித் தூவியது 5 விழுக்காட்டுத் தூள். மண்ணோடு கலந்தபின் அதன் போக்கை மண்ணின் வகையே தீர்மானித்தது. இரு தீவுகளின் சூஃப்ரியேர், பெலே எரிமலைச் சரிவுகளிலுள்ள ஆண்டோசோல் மண்ணில் அலோஃபேன் என்ற மிக நுண்ணிய துளைகள் கொண்ட களிமண் உண்டு. அத்துளைகளுக்குள் நஞ்சு சிறைப்படுகிறது. அதனால் அங்கே இருப்பு அதிகம். பயிருக்கும் நீருக்கும் கசிவது குறைவு. நைட்டிசோல் என்ற மற்றொரு வகை மண்ணில் இருப்பு குறைவு, ஆனால் எளிதாகக் கசியும். மழைநீர் கழுவிச் செல்வதை மட்டும் கணக்கில் எடுத்து 2009இல் செய்த ஒரு மதிப்பீட்டின்படி, நைட்டிசோல் தூய்மையாக ஒரு நூற்றாண்டு வரை ஆகும். ஆண்டோசோலுக்கு ஐந்து முதல் ஏழு நூற்றாண்டுகள்.

வாழைப்பழத்தில் இந்த நஞ்சு ஏறவில்லை. வேர்கள் ஈர்த்தாலும் உயரே தொங்கும் தார்வரை அது போய்ச் சேர்வதில்லை. ஐரோப்பியக் கடைகளுக்குப் போன பழம் சுத்தமாக இருக்க, தீவு மக்கள் உண்ணும் வள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சேப்பங்கிழங்கும் மண்ணோடு ஒட்டிக் கிடந்து நஞ்சை வாங்கின. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் பலர் குவாதலூப்பில் கபெஸ்தேர்-பெல்-ஓ பகுதியில் வாழ்கிறார்கள். அதுவும் வாழை மண்தான். இரு தீவுகளிலும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் குளோர்டெக்கோன் இருந்ததை அரசு ஆய்வு காட்டியது.

இது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளோடு பிணைந்து அந்த ஹார்மோனைப் போலச் செயல்படும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1979இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவற்றின் பட்டியலில் வைத்தது. இரத்தத்தில் இதன் அளவு மிகுந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதை 2010இல் வெளியான குவாதலூப் ஆய்வு கண்டது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இல் இதை ஒழிக்கப்பட வேண்டிய பொருள்களில் சேர்த்தது.

சிதைக்க வழி தேடுவோர் ஆக்சிசனேற்றத்தை விட்டு ஒடுக்கத்தை நாடுகிறார்கள். காற்றில்லாச் சூழலில் இரும்புத் தூள் எலக்ட்ரான்களைத் தர, குளோரின் ஒவ்வொன்றாகக் கழன்று அந்த இடத்தில் ஹைட்ரஜன் அமர்கிறது. சில காற்றிலி நுண்ணுயிர்கள் கூண்டையே திறந்துவிடுகின்றன. மார்த்தினீக்கில் வயலில் இரும்புத் தூள் கலந்து பார்த்தபோது நைட்டிசோலில் நஞ்சு பாதிக்கு மேல் குறைந்தது. அலோஃபேன் பிடித்துவைத்திருக்கும் ஆண்டோசோலில், ஆய்வகச் சோதனையில் குறைந்தது ஏறத்தாழ கால் பங்குதான்.