தறியும் கட்டளையும்

மட்டக்களப்பிலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் கல்முனையை அடையுமுன் மருதமுனை என்னும் ஊரைக் காண்பர். 1961 இல் தனி மாவட்டமாக அமைந்த அம்பாறையின் கரையோர முஸ்லிம் ஊர்களுள் நெசவினால் பெயர் பெற்றது அது. மருதமுனைச் சாரமும் சேலையும் இலங்கை முழுவதும் அறியப்பட்டவை. கணனி கொண்டு பொறிகளை ஆளும் முறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அமெரிக்கத் தொழிற்சாலையொன்றில் தொடங்குதல் வழக்கம். யாம் தறியிலிருந்து தொடங்குகின்றோம். எம் கரையோரத்தின்மேல் உள்ள பற்று அதற்கு ஒரு காரணமாதல் கூடும். எனினும் பொறிக்குக் கட்டளையிடும் கலை வளர்ந்த இடம் தறியே என்பதனை அறிஞர் மறுப்பதில்லை.

நெசவாளர் தறியில் அமர்ந்து செய்வதை ஊன்றி நோக்கின் இரு தொழில்கள் புலனாகும். ஒன்று ஒழுங்கு. பாவின் இழைகள் விழுதுகளினூடே கோக்கப்பட்டுள்ளன. ஒரு மிதியை அழுத்த, ஒருபாதி இழைகள் மேலெழும்; மறுபாதி தாழும்; இடைவெளியில் நாடா ஊடிழையை இழுத்துச் செல்லும். அடுத்த மிதியில் மேலது கீழாகும். கட்டம் போட்ட சாரமாயின் நீல ஊடு எத்தனை, வெள்ளை ஊடு எத்தனை என்னும் கணக்கும் வேண்டும். நான்கு விழுது பூட்டிய தறியில் சாய்வரிக் கோலம் வேண்டின் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என முறையே மிதித்தல் வேண்டும். முறை பிறழின் கோலமும் பிறழும். இன்று நிரல் என்று வழங்கப்படுவது இத்தகைய வரிசையே. அது நெசவாளரின் காலிலும் நினைவிலும் இருந்தது. மற்றைய தொழில் கவனம். இழை அறுந்ததா, ஊடு தளர்ந்ததா என்று கண் ஓயாது பார்த்திருக்கும். அறுந்தது கண்டால் கை தறியை நிறுத்தி முடிச்சிடும். பின்வந்த வரலாறு இவ்விரு தொழில்களையும் மனிதரிடமிருந்து பொறிக்கு மாற்றிய வரலாறு எனலாம்.

முதலில் மாறியது ஒழுங்கு. பிரான்சு நாட்டு லியோன் நகரில் பூவேலைப் பட்டு நெய்யும்போது, கோலத்துக்கேற்பக் கயிறுகளை இழுத்து இழைகளை உயர்த்தத் தனியே ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெரும்பாலும் சிறுவரே அவ்வேலையிற் கிடந்து உழன்றனர். 1725 இல் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட தாளைக் கொண்டு இழைகளைத் தெரிவு செய்யும் வழியைக் கண்டார். அவர்க்குப் பின்னோர் அதனைத் திருத்திவர, 1804 அளவில் ஜோசப் மரி ஜக்கார்ட் துளையட்டைகளைச் சங்கிலிபோற் கோத்து இயங்கும் பொறியை நிறைவாக்கினார். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும்; அதற்குரிய இழை எழும். துளையில்லா இடத்தில் ஊசி தடைப்படும். இழை கிடந்தபடி கிடக்கும். ஓரட்டை ஓர் ஊடு. அட்டைக் கோவையை மாற்றினால் அதே தறி வேறு கோலம் நெய்யும். கட்டளை பொறியினின்று பிரிந்து, எழுதி வைக்கத்தக்க, கடனாகக் கொடுக்கத்தக்க பொருளாயிற்று. ஜக்கார்டின் உருவத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகளால் பட்டில் நெய்தனர். அதில் ஒன்றை ஆங்கிலக் கணித அறிஞர் சார்ல்ஸ் பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார். அவர் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் அத்தகைய அட்டைகளையே கொண்டார். 1890 இல் அமெரிக்கக் குடிமதிப்பை எண்ணிய ஹொலரித்தின் பொறிகளும் துளையட்டையாலேயே இயங்கின.

ஆயினும் அட்டை குருடு. இழை அறுந்தாலும் அது அடுத்த துளையைக் காட்டிக்கொண்டே செல்லும். பார்க்கும் தொழிலைப் பொறிக்குக் கற்பித்தது வேறொரு மரபு. 1788 இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறியிற் பொருத்திய சுழலும் குண்டுகள், வேகம் மிகும்போது அகன்று நீராவியைக் குறைத்தன. தறியில் இத்தொழிலைச் செய்தோருள் ஜப்பானியரான சக்கிச்சி தொயோடா குறிப்பிடத்தக்கவர். 1924 இல் நிறைவெய்திய அவரது தறி, இழை அறுந்தால் தானே நின்றது. அதன் காப்புரிமையை 1929 இல் ஆங்கில நிறுவனமொன்று வாங்கிற்று. அக்குடும்பத்தாரே பின்னர் மோட்டார் வண்டித் தொழிலில் இறங்கினர் என்பது பலர் அறிந்ததே.

ஒழுங்கும் கவனமும் ஒருங்கு கூடியது உலோக வேலையில். ஹெலிகொப்டரின் சுழலலகுக்கு வேண்டிய வளைவை எண்களாகக் கணக்கிட்டு, அவ்வெண்களின்படி வெட்டலாம் என்று ஜோன் பார்சன்ஸ் கருதினார். மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952 இல் அத்தகைய அரைதல் பொறியொன்றை இயக்கிக் காட்டினர். துளையிட்ட தாள்நாடா கட்டளை தந்தது. கருவி உண்மையில் எங்குளது என்பதை அளந்து, இருக்க வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் அமைப்பும் உடனிருந்தது. 1969 இல் நிரற்படுத்தத்தக்க கட்டுப்பாட்டுக் கருவிகள் தொழிற்சாலைக்குள் வந்தன. அதன்பின் சிறு கணனிகள் மலிய, தாள்நாடா மறைந்தது. 1983 இல் ஜக்கார்ட் தறியிலும் அட்டைக்குப் பதிலாக மின்னணுக் கட்டளை புகுந்தது. தறியிலிருந்து புறப்பட்டது தறிக்கே மீண்டது.

இம்மாற்றங்கள் நெசவாளருக்கு எளிதாக அமையவில்லை. லியோன் நெசவாளர் கூலிக்காக 1831 இலும் 1834 இலும் கிளர்ந்தெழுந்தனர். எம் கரையில் கிளர்ச்சி எதுவுமின்றியே தறிகள் குறைந்தன. 1977 இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது விசைத்தறித் துணியின் விலையோடு கைத்தறி போட்டியிட இயலாதாயிற்று. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத்தை அழித்தது. உயிரிழப்பின் முன் தறியின் இழப்பைப் பேச எவருக்கும் மனம் வரவில்லை.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழின் இசையைக் கணக்கால் ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். மறைந்த கருவியை எண்களால் மீட்கலாம் என்பதற்கு அது சான்று. ஆயினும் தறி இன்னும் மறையவில்லை. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. இன்று அங்குப் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றது. அங்குப் பயிலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை பாடநூலில் ஜக்கார்டின் பெயரைக் காண்பார். தம் பாட்டனாரின் மிதிவரிசையைக் காணார். ஜக்கார்டின் அட்டைகள் அரும்பொருட்காட்சிச் சாலைகளில் உள்ளன. நினைவிலிருந்து நெய்தோரின் கட்டளை அவர்களோடு மறையும். விழுதுகளின் எண், மிதிகளின் வரிசை, நிறந்தோறும் ஊடுகளின் கணக்கு ஆகிய மூன்றையும் கட்டத்தாளிற் குறித்தால் ஒரு கோலத்தின் பெரும்பகுதி பதிவாகும். ஒரு கோலத்துக்கு, தறியருகே ஒரு மாலைப்பொழுது போதும்.