கைமாறிய இயந்திரமும் கைமாறாத பொறுப்பும்

ஒரு நாடு கழித்துவிட்ட பொருள் மற்றொரு நாட்டின் தேவையாக மாறுவது வணிக வரலாற்றில் புதுமையன்று. ஆயின், மருத்துவ உபகரணங்கள் அவ்வாறு கைமாறும்போது அவற்றை இயக்கும் அறிவும், பேணும் ஒழுங்கும், இறுதியில் அகற்றும் பொறுப்பும் உடன் செல்கின்றனவா என்னும் வினா எழுகின்றது. மெக்சிக்கோவின் எல்லைநகரான சியூடாட் ஹுவாரெஸில் 1983ஆம் ஆண்டு நிகழ்ந்தது இவ்வினாவுக்குக் கொடியதொரு விடையாக அமைந்தது.

புற்றுநோய்க்கான கோபாற்று-60 சிகிச்சை 1951இல் கனடாவில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவியது. பின்னர் செல்வந்த நாடுகளின் வைத்தியசாலைகள் நேர்கோட்டு முடுக்கிகளை நாடத் தொடங்கவே, கோபாற்று இயந்திரங்கள் பல அங்கே பழையனவாயின. வளர்முக நாடுகளுக்கோ அவை எட்டக்கூடிய விலையில் கிடைத்த அரிய கருவிகளாகத் தோன்றின. ஒருபால் பழையதை அகற்றும் அவசரம். மறுபால் சிகிச்சை வசதியின் பஞ்சம். இவ்விரண்டினிடையே பாவித்த உபகரணங்களின் சந்தை வளர்ந்தது.

ஹுவாரெஸின் தனியார் வைத்தியசாலையொன்று 1977இல் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து இத்தகைய இயந்திரமொன்றைத் தருவித்தது. சட்டம் வேண்டிய இறக்குமதி அனுமதி பெறப்படவில்லை. இயக்கத் தகுதிவாய்ந்த நிபுணரும் அமர்த்தப்படவில்லை. ஆகவே, ஒரு நோயாளிக்கேனும் பயன்படாது ஆறாண்டுகள் அது களஞ்சியத்தில் கிடந்தது. கோபாற்று-60இன் அரைவாழ்வுக்காலம் ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதாகும். எனவே அதன் கதிர்த்தொழிற்பாட்டில் ஏறத்தாழப் பாதியே தணிந்திருந்தது; எஞ்சியது பேராபத்துக்குப் போதுமானதாயிருந்தது.

1983 டிசெம்பரில் ஊழியர் ஒருவர் அவ்வியந்திரத்தின் பகுதிகளைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றார். கோபாற்று அடங்கிய கலம் துளைக்கப்பட்டிருந்தமையால், சுமார் 1 மில்லிமீற்றர் அளவான ஏறத்தாழ 6,000 மணிகளிற் பல வாகனத்திலும் இரும்புக்கடை முற்றத்திலும் சிதறின. இரும்புடன் கலந்தவை உருக்காலைகளை அடைந்து, கொங்கிரீற்றுக் கம்பிகளாகவும் மேசைக் கால்களாகவும் உருமாறி எல்லையின் இருபுறமும் சென்றன. 1984 ஜனவரி 16இல் அக்கம்பிகளை ஏற்றிய லொறியொன்று லொஸ் அலமோஸ் ஆய்வுகூடப் பகுதிக்குத் தற்செயலாகச் சென்றபோது, அங்கிருந்த உணர்கருவி கதிர்வீச்சைக் காட்டிற்று. அதுவரை எவரும் இதனை அறிந்திலர். பின்னர் மெக்சிக்கோவில் 800க்கு மேற்பட்ட கட்டடங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ இடிக்கப்பட்டன.

பழியை அவ்வூழியர்மீது சுமத்துதல் எளிது. ஆனால், தாம் கழற்றுவது யாதென அவர் அறிந்திருக்கவில்லை. விற்றவர் இயந்திரத்துக்கு விலை கூறினார். வாங்கியவர் அவ்விலையைக் கொடுத்தார். இரும்பு வணிகர் அதன் எடைக்கு விலை கொடுத்தார். அதனைப் பாதுகாத்தற்கும் அகற்றுதற்கும் ஆகும் செலவை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. 1987இல் பிரேசிலின் கொயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றின் சீசியம்-137 கலம் பழைய இரும்பாகி நான்கு உயிர்களைக் கவர்ந்தமையும் இவ்வுண்மையையே வலியுறுத்தியது.

சர்வதேச அணுசக்தி முகவரகம் கதிர்த்தொழிற்பாட்டு மூலங்களுக்கான நடத்தைக் கோவையை 2003இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுமதி செய்யும் நாடும் பெறும் நாட்டின் ஆற்றலைக் கருத வேண்டும் என்னும் கொள்கை அதில் இடம்பெற்றது. பாவித்த உபகரணங்களை முற்றாக விலக்குவது இதற்குத் தீர்வாகாது; அது வறிய நோயாளிக்குக் கிட்டும் ஒரே வாய்ப்பையும் பறித்துவிடக்கூடும். இயந்திரத்தின் தொடக்க விலையோடு அதன் முடிவுக்கான செலவையும் சேர்த்தெண்ணும்போதே அது உண்மையில் மலிவானதா என்பது புலப்படும்.