ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்: ஏற்காட்டு மலையிலிருந்து இந்தப் படிப்புக்கு வழி உண்டா?

பிளஸ் டூ முடிவுகள் வரும் மாதங்களில் பெற்றோர்கள் கேட்கும் கேள்விகள் மாறிவருகின்றன. "ஹஜ்ரத், பொண்ணு நர்சிங் முடிக்கப் போகிறாள். அமெரிக்காவில் எஃப்.என்.பி. என்று ஒரு படிப்பாம். முடித்தால் டாக்டர் மாதிரி தனியாக வைத்தியம் பார்க்கலாமாம். உண்மையா?" உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் ஏஜென்ட் கையில் பணம் கொடுப்பவர்கள் இருப்பதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் கிடைக்காத இடங்களில் குழந்தைகளைப் பரிசோதித்து, சாதாரண நோய்களுக்குத் தானே சிகிச்சை தந்து, சிக்கலானவற்றை மட்டும் மேலே அனுப்பும் அளவுக்குச் செவிலியரைத் தயாரிப்பது அதன் நோக்கம். 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பச்சிளங்குழந்தை முதல் முதியவர் வரை குடும்பம் முழுவதையும் கவனிப்பவர் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர். பி.எஸ்சி. நர்சிங்குக்கு மேல் முதுகலைப் பட்டமோ முனைவர் நிலைப் பட்டமோ பெற்று, தேசிய அளவிலான சான்றிதழ் தேர்வும் எழுத வேண்டும். இன்று அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலேயே மருந்து எழுதித் தரலாம்.

இந்தத் தேவை நமக்கு அந்நியமானதல்ல. ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். சேலத்துக்கு இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 30 கிலோமீட்டர். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அரசு மருத்துவமனை பக்கம். ஆனால் மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை போன்ற ஊராட்சிகளின் உள் கிராமங்களில் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களும் காபித் தோட்டத் தொழிலாளர்களும் சர்க்கரை மாத்திரைக்கும் ரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வர வேண்டும். கூலி போனால் அன்றைய அடுப்பு என்ன ஆகும் என்ற கணக்கில்தான் மாத்திரை நின்றுபோகிறது.

மலைப்பகுதிகளுக்கு அரசு வைத்திருக்கும் கணக்கே வேறு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. அங்கே முதலில் நம் கண்ணில் படுபவர் கிராம சுகாதார செவிலியர். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இந்தத் துணை நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக மாற்றப்பட்டு, இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற பொறுப்பு உருவானது. நர்சிங் படித்தவர்கள் ஆறு மாத சமுதாய சுகாதாரச் சான்றிதழ் பயிற்சி முடித்து இதற்கு வந்தார்கள். 2021இல் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் அந்தப் பயிற்சியையே சேர்த்துவிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடி வருபவர்களில் இவர்கள் உண்டு. ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனருக்கு மிக அருகில் நம் நாட்டில் இருப்பவர் இவர்தான் என்பது என் கருத்து. வேறுபாடு அதிகாரத்தில் இருக்கிறது. டாக்டர் எழுதிய மருந்தைத் தொடர்ந்து கொடுக்கலாம். அமெரிக்காவில் போல் தானே நோயைத் தீர்மானித்துச் சுதந்திரமாகச் சீட்டு எழுத முடியாது.

'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பெயரில் இந்தியாவில் படிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான இரண்டாண்டு முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்தது. அது ஐ.சி.யூ.வுக்கானது, குடும்ப மருத்துவத்துக்கானதல்ல. 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி பிரசவப் பராமரிப்புக்காக 18 மாதப் பயிற்சியும் உண்டு. குடும்ப, சமுதாயப் பணியில் நாட்டம் உள்ள பெண் பிள்ளைக்கு நான் சொல்வது எம்.எஸ்சி. நர்சிங்கில் சமுதாய சுகாதாரப் பிரிவு. பி.எஸ்சி. நர்சிங்கில் 55 சதவீத மதிப்பெண், கவுன்சில் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம் ஆகியவை வேண்டும். படிப்பு இரண்டாண்டு. ஜி.என்.எம். மட்டும் முடித்தவர்கள் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துவிட்டு இதற்கு வரலாம்.

மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு அடிப்படைப் பட்டத்துக்குத் தொலைதூரம் போகத் தேவையில்லை. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு செவிலியர் கல்லூரியே இருக்கிறது. நம் சமுதாயத்தினர் கவனிக்க வேண்டியது 3.5 சதவீத இடஒதுக்கீடு. அதற்குப் 'பிற்படுத்தப்பட்டோர் முஸ்லிம்' என்ற சாதிச் சான்றிதழ் வேண்டும். லெப்பை, தக்கனி, மாப்பிள்ளை, சையத், ஷேக் உள்ளிட்ட ஏழு பிரிவினருக்குத்தான் அது பொருந்தும். கலந்தாய்வு நெருங்கும்போது தாலுகா அலுவலகத்துக்கு ஓடாதீர்கள், பிளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கி வையுங்கள். அண்டை வீட்டு மலையாளிப் பிள்ளைக்குப் பழங்குடியினருக்கான 1 சதவீதம் உண்டு. அந்தத் தகவலையும் அவர்களிடம் சொல்லுங்கள், நம்மைவிட அவர்களுக்குத்தான் அது எட்டாமல் போகிறது.

இனி அமெரிக்கக் கனவு. இங்கிருந்தபடியே ஆன்லைனில் படித்து எஃப்.என்.பி. ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடம் ஆன்லைனில் இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான மணி நேரம் நோயாளிகளோடு நேரடியாகப் பயிற்சி பெற வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆர்.என். உரிமம் இல்லாதவரைச் சேர்ப்பதில்லை. ஆகவே வரிசை இப்படி: இங்கே பி.எஸ்சி. நர்சிங்; சான்றிதழ்களை சி.ஜி.எஃப்.என்.எஸ். போன்ற அமைப்பு சரிபார்ப்பது; ஆங்கிலத் தேர்வு; என்கிளெக்ஸ் தேர்வு (இதை இந்தியாவிலேயே எழுதலாம்); அங்கே செவிலியராக வேலை; அதன்பிறகு இரண்டு மூன்று ஆண்டு முதுகலை; கடைசியாகச் சான்றிதழ் தேர்வு. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்வதையும் சேர்த்துக்கொண்டால், இன்று பிளஸ் டூ முடிக்கும் பெண் அந்தப் பட்டத்தை வாங்கும்போது முப்பதைத் தாண்டியிருப்பார். இங்கே எடுத்த எம்.எஸ்சி. அங்கே தானாகவே எஃப்.என்.பி. ஆகிவிடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். திருமணப் பேச்சு வரும் வயதும் இதே வயதுதான் என்பதால், மாப்பிள்ளை வீட்டாரிடம் படிப்புத் திட்டத்தை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நைட் டியூட்டி, ஆண் நோயாளிகள் என்று தயங்கும் குடும்பங்களும் உண்டு. அகழ்ப் போரில் காயம்பட்ட சஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் பள்ளிவாசல் வளாகத்தில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துத்தான் கவனிக்கப்பட்டார்கள் என்பது நாம் மதரஸாவில் படிக்கும் சீராவில் உள்ளதே. நம் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் என்றால் பெண் மருத்துவரைத் தேடுகிறோம். அந்தப் பெண் யார் வீட்டிலிருந்து வர வேண்டும்? சமுதாய சுகாதாரப் பணியில் பெரும்பகுதி பகல் வேலை, பெண்களையும் குழந்தைகளையும் பார்க்கும் வேலை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சேருவதற்கு முன் அது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் பட்டியலிலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பு முடிந்ததும் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். பாடவாரியாக எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று காட்டும் டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியிலிருந்து அப்போதே வாங்கி வையுங்கள்; வெளிநாட்டுச் சரிபார்ப்பில் முதலில் கேட்பது அதைத்தான். பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'பாத்திமா' என்றும் பாஸ்போர்ட்டில் 'ஃபாத்திமா பீவி' என்றும் ஆங்கில எழுத்துகள் மாறியிருந்தால், இனிஷியல் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருந்தால், அதைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே ஆதார், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்துகளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.